சாளை மீன் கடலிலே

இத்தாலிய உணவுச்சாலை ஒன்றிலே உண்ட கதையை எழுதப் புகுகின்றோம் என்றதும், ஆசிரியருக்கும் ஆடம்பரம் தொற்றிக்கொண்டதோ என்று இப்பகுதியை வாரந்தோறும் வாசிக்கும் அன்பர்கள் ஐயுறக்கூடும். ஐயம் நியாயமானதே. மத்தியானச் சோற்றை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறவர் நாம். கொழும்புக்குப் போனாலும் வெள்ளவத்தையிலே சைவக்கடையைத் தேடிப் பிடித்து, இடியப்பமும் சொதியும் உண்டுவிட்டு இரவு வண்டியிலே ஊர் திரும்புகிறவர். மச்சம் தொடுவதில்லை. அத்தகைய நாம் சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோவிலே, மொண்டெல்லோ என்னும் கடற்கரைப் பகுதியிலே, வெள்ளைத் துணி விரித்த மேசைக்கு முன்னே, இரண்டு கத்திகளும் மூன்று முள்ளுக்கரண்டிகளும் சூழ, போருக்கு அழைக்கப்பட்ட புலவர் போல அமர்ந்திருந்த காரணத்தை முதலிலே சொல்லிவிடுதல் நன்று.

சென்ற ஆகஸ்ட் விடுமுறையிலே எமது தமக்கையாரின் மகளுக்குப் பலேர்மோவிலே திருமணம் நடந்தது. 1980களிலிருந்து எம்மவர் அந்நகரிலே குடியேறி வாழ்ந்து வருகின்றனர். வீட்டுப்பணி செய்வோர், முதியோரைப் பராமரிப்போர், உணவுச்சாலைகளிலே வேலை பார்ப்போர் எனப் பலவாறு உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளிலே பெல்லெகிரினோ மலைமேலுள்ள புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் போகிறவர்களுள் திருநீறு பூசிய நெற்றிகளையும் காணலாம். 1624 ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் நகரை வாட்டியபோது அப்புனிதையின் எலும்புகள் அம்மலையிலே கண்டெடுக்கப்பட்டன என்றும், அவற்றை நகரைச் சுற்றி எடுத்துச் செல்ல நோய் நீங்கிற்று என்றும் அந்நகரத்தார் நம்புகின்றனர். அம்மனுக்கு நேர்த்தி வைத்து வளர்ந்த எம்மவர்க்கு அம்மலை அந்நியமாகத் தோன்றாததிலே வியப்பில்லை. அதனைப் பற்றி வேறொரு வாரம் எழுதுவோம்.

திருமண மண்டபத்திலே, நடுத்தர வயதை எட்டிக்கொண்டிருக்கும் ஒருவன் எம்முன்னே வந்து கைகூப்பி நின்றான். "சேர், என்னைத் தெரியுதோ?" என்றான். முகம் தெரியவில்லை; குரல் தெரிந்தது. எம்மிடம் பத்தாம் வகுப்பிலே தமிழ் படித்தவன். (அவன் என்று எழுதுவதா, அவர் என்று எழுதுவதா என்று சற்றுத் தயங்கினோம். மாணவனை அவர் என்று எழுதினால் உறவு ஒரு முழம் தள்ளிப்போய்விடுகின்றது. ஆதலால் அவன் என்றே எழுதுகின்றோம். பெயர் வேண்டாம்.) இப்போது என்ன செய்கிறாய் தம்பி என்று வழக்கம்போல விசாரித்தோம்.

"மொண்டெல்லோவிலை ஒரு பெரிய ரெஸ்ரோறன்ரிலை குசினியிலை நிக்கிறன், சேர். நீங்களும் அம்மாவும் ஒரு நாள் கட்டாயம் வரவேணும். சைவமாத்தான் செய்து தருவன், பயப்பிட வேண்டாம்" என்றான்.

குசினி என்ற சொல் எம்மை ஊசிபோற் குத்திற்று. ஏன் குத்திற்று என்பது அங்கு நின்ற எவருக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரிந்திருக்குமோ என்ற எண்ணம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் மாலை நாமும் மனைவியாரும் 806 ஆம் இலக்கப் பேருந்திலே மொண்டெல்லோவுக்குப் புறப்பட்டோம். நகரின் நெரிசலைத் தாண்டி, ஃபவோரித்தா என்னும் பெரிய சோலையினூடாக வண்டி போகின்றது. அந்தச் சோலை நிழலிலேதான் மனைவியாரிடம் கதையைச் சொன்னோம்.

அது 2004 ஆம் ஆண்டு. எமக்கு இருபத்தேழு வயது. பட்டம் பெற்ற மிடுக்குக் குறையாத காலம். 'கடற்கரையில் ஒரு மாலை' என்று கட்டுரை எழுதக் கொடுத்திருந்தோம். இவன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். மூன்று பக்கத்திலும் ஓரிடந்தானும் தவறாமல் 'கடற்கறை' என்றே எழுதியிருந்தான். கரை வேறு, கறை வேறு என்று அதற்கு முந்திய கிழமைதான் ஒரு பாடவேளை முழுவதும் தொண்டை வறளக் கற்பித்திருந்தோம். கொப்பியை மேசையிலே எறிந்து, "நீ வெளிநாட்டிலை போய்க் கோப்பை கழுவத்தான் சரி" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான் என்றே நினைவு. அக்கட்டுரையிலே அவன் என்ன எழுதியிருந்தான் என்பது எமக்கு நினைவில்லை. படித்தோமோ என்பதே ஐயம்.

மனைவியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அந்தப் பிள்ளையின்ரை கையாலை சாப்பிடத்தானே போறம். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்றார்.

மொண்டெல்லோ இரண்டு மலைகளுக்கிடையே பிறை போல வளைந்து கிடக்கும் கடற்கரை. ஒருபுறம் பெல்லெகிரினோ, மறுபுறம் கல்லோ. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிவரையும் இவ்விடம் மீனவர் குடியிருப்பும் அதன் பின்னே சதுப்பு நிலமுமாகக் கிடந்தது. சதுப்பை வற்றச்செய்த பின்னரே செல்வர்கள் மாளிகைகள் கட்டலாயினர். 1913 ஆம் ஆண்டிலே கடலுக்குள்ளே தூண்கள் நிறுத்திக் கட்டிய நீராடு மாளிகை ஒன்று இன்றும் தண்ணீர்மேலே நிற்கின்றது. வெண்மணலும் பச்சை நீரும் எமது காரைநகர்க் கசூரினாக் கடற்கரையை நினைப்பூட்டின. ஆனால் ஆகஸ்ட் மாதத்திலே அங்கு மணலைக் காண்பது அரிது, மனிதரையே காணலாம்.

நாம் சென்ற உணவுச்சாலை கடலைப் பார்த்த மேல்மாடத்திலே அமைந்திருந்தது. இரவு எட்டு மணிக்கு முன்னே கதவு திறக்கமாட்டார்கள். நாமோ ஏழு மணிக்கே போய்விட்டோம். விருந்துக்கு முந்திப் போய்ப் பந்தியில் இடம்பிடிக்கும் ஊர்ப்பழக்கம்! ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எட்டு மணிக்குக் கறுப்பு அங்கி அணிந்த தலைமைப் பரிசாரகர் வந்து, எமது பெயரை முன்பே அறிந்தவராக, கடலோரத்து மேசைக்கு அழைத்துச் சென்று, மனைவியார் அமரும்வரை கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு ஆண்டு இல்வாழ்க்கையிலே நாம் ஒருநாளும் அவ்வாறு செய்ததில்லை என்பதை மனைவியாரின் பார்வை எமக்கு உணர்த்திற்று.

உணவுப் பட்டியல் கைக்கு வந்தது. அதிலே விலை ஒன்றுமே இல்லை. அச்சிட மறந்தனர் போலும் என்று எண்ணினோம். அவ்வாறன்று. பழைய முறையைப் பேணும் உணவுச்சாலைகள் சிலவற்றிலே விருந்தினருக்குக் கொடுக்கும் பட்டியல் வேறு. பணம் கொடுப்பவருக்குக் காட்டும் பட்டியல் வேறு. உண்பவர் விலையைப் பார்த்து மனங்குறுகி, மலிவானதைக் கேட்டுவிடலாகாது என்பது கருத்து. நல்ல முறைதான். ஆனால் ஆசிரியத் தொழில் செய்பவர் மனைவியை விலை தெரியாமல் ஒரு பொருளின் முன்னே அமர்த்துவது எளிதன்று. கை கழுவப் போகும் சாட்டிலே பக்கத்து மேசைப் பட்டியலை ஓரக்கண்ணாலே படித்துவந்து, "ஒரு கோப்பை பாஸ்தா 24 யூரோ" என்று காதுக்குள்ளே சொன்னார். எமது சம்பளத்திலே மூன்று நாளை அது விழுங்கும். இதைவிட, மேசையில் இருந்தமைக்கே தலைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணமும் உண்டாம். 'கொப்பேர்த்தோ' என்று அதற்குப் பெயர். பாண், துணி, கரண்டிகளின் பொருட்டு வாங்குவது. இத்தாலியிலே பெரும்பாலான இடங்களில் இது வழக்கம். எமது ஊர்க் கடையிலே இருந்ததற்குக் காசு கேட்டால் என்ன நடக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகின்றோம்.

பரிசாரகர் ஒன்றையும் எம்மிடம் கேட்கவில்லை. எல்லாம் குசினியிலே தீர்மானமாகிவிட்டதாம். அவர் 'குச்சீனா' என்றார். எமக்குக் குசினி என்றே கேட்டது. தமிழாசிரியரின் புத்தி உணவு வருமுன்னே சொல்லிலே மேயத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயர் போனபின்னும் எம்மிடம் விட்டுச் சென்ற சொற்களுள் குசினி ஒன்று. பாண் மற்றொன்று, இங்கே 'பானே' என்கின்றனர். நாம் துவட்டும் துவாய், இவர்களுடைய மேசை விரிப்பாகிய 'தொவாலியா'வின் உடன்பிறப்பு. தவறணையும் அவ்வாறே. போர்த்துக்கேய மொழியும் இத்தாலிய மொழியும் இலத்தீன் வயிற்றுப் பிள்ளைகள் ஆதலால், நூறு காதத்துக்கு அப்பால் வந்தும் எமது வீட்டு அடுப்படிச் சொற்களை இன்னொருவர் வாயிலே கேட்டோம்.

முதலிலே வந்தது கத்தரிக்காய். 'கப்பொனாத்தா' என்பது அதன் பெயர். கத்தரிக்காயைத் துண்டாக்கி எண்ணெயிலே பொரித்து, வெங்காயம், செலரித் தண்டு, தக்காளி, ஒலிவங்காய், கேப்பர் என்னும் ஊறவைத்த மொட்டு ஆகியவற்றோடு சேர்த்து, வினாகிரியும் சீனியும் இட்டுப் புளிப்பும் இனிப்புமாக ஆக்கி, ஆறவிட்டுப் பரிமாறுவர். ஒரு வாய் உண்டதும் மனைவியார், "இது எங்கடை கத்தரிக்காய் மோஜு எல்லோ!" என்றார். உண்மை. கடுகும் மிளகாயும் இல்லை என்பதே வேற்றுமை. சிங்கள மக்களின் பந்தியிலே இதைக் கண்டால் யாரும் அந்நியமாக நினையார்.

இந்தக் கத்தரிக்காய்க்கு ஒரு யாத்திரைக் கதை உண்டு. இது இந்தியப் பக்கத்துக் காய். பழந்தமிழிலே வழுதுணை என வழங்கிற்று. அவ்வகைத் திராவிடச் சொல்லொன்றே வடமொழியிலே புகுந்து, பாரசீகம் வழியாக அரபு மொழியிலே 'பாதிஞ்சான்' ஆயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். அராபியர் 831 ஆம் ஆண்டிலே பலேர்மோவைக் கைப்பற்றி, 1072 இலே நோர்மானியர் வெல்லும்வரையும் ஆண்டனர். அராபியர் வழியாகவே ஐரோப்பா இக்காயை அறிந்தது. இத்தாலியர் வாயிலே அச்சொல் திரிந்து 'மெலன்சானா' ஆக, அதற்குப் 'பைத்தியக்கார அப்பிள்' என்று பொருள் கற்பித்து, உண்டால் சித்தம் கலங்கும் என்று நெடுங்காலம் அஞ்சினராம். எமது வழுதுணை உலகைச் சுற்றி, பெயர் மாறி, பைத்தியக்காரப் பட்டமும் வாங்கி, 24 யூரோ மேசையிலே எம்மைச் சந்தித்தது. சிசிலிக் கறிகளுக்கெல்லாம் நிறம் கொடுக்கும் தக்காளியோ அமெரிக்காவிலிருந்து வந்த பிற்காலத்து விருந்தாளி.

அடுத்து வந்த கோப்பைதான் எம்மைப் பேச்சிழக்கச் செய்தது. பரிசாரகர் அதனை வைத்துவிட்டு, ஆங்கிலத்திலே, "இது எமது பட்டியலில் இல்லாதது. உங்களுக்காகவே அவர் செய்தார். இதன் பெயர், சாளை மீன் கடலிலே" என்றார். நாம் திடுக்குற்றுக் கரண்டியைக் கீழே வைத்தோம். அவர் புன்னகைத்து விளக்கினார்.

பலேர்மோவின் தலையாய உணவு சாளை மீன் சேர்த்த பாஸ்தா. காட்டுப் பெருஞ்சீரகத் தழை, முந்திரிகை வற்றல், பைன் மரத்துப் பருப்பு, குங்குமப்பூ ஆகியவற்றோடு சாளையைச் சேர்த்துச் செய்வர். மீன் வாங்க வழியற்ற ஏழைகள் மீனை விட்டுவிட்டு மற்றவற்றை மாத்திரம் சேர்த்துச் செய்து, "எங்கே மீன்?" என்று கேட்பவர்க்கு, "சாளை இன்னும் கடலிலேதான் இருக்கின்றது" என்று விடை கூறுவராம். அதுவே உணவின் பெயராயிற்று. வழக்கமாக இதிலே நெத்தலி சிறிது கரைத்துவிடுவது உண்டு. எமக்காக அதனையும் விலக்கியிருந்தான். பாஸ்தாவின் மேலே பாலாடைக்கட்டித் துருவலும் இல்லை. பார்மா நகரத்துப் பெயர்பெற்ற பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையினாலே பாலைத் திரைத்துச் செய்யப்படுவது. இதனை நாம் அறிந்திலோம், அவன் அறிந்திருந்தான். அதற்குப் பதிலாகப் பாண் துருவலை ஒலிவ எண்ணெயிலே பொன்னிறமாக வறுத்துத் தூவியிருந்தான். பாலாடைக்கட்டி வாங்க இயலாத வீட்டாரின் பழைய உபாயம் அது. செல்வர் உண்ணும் மேசையிலே ஏழைகளின் இரண்டு உபாயங்களை ஒரே கோப்பையிலே வைத்து எமக்கு அனுப்பியிருந்தான்.

பாஸ்தாவும் சாதாரணமானதன்று. 'புக்கத்தீனி' என்பது, நடுவே துளையுள்ள நீண்ட நூல். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று பள்ளிக்கூடத்திலே நாமும் கற்பித்திருக்கின்றோம். பிழை. மார்க்கோ போலோ பிறந்தது 1254 இலே. அதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1154 ஆம் ஆண்டு, அல் இத்ரீசி என்னும் அறிஞர் சிசிலி மன்னன் இரண்டாம் றொஜருக்காக எழுதிய புவியியல் நூலிலே, பலேர்மோவை அடுத்த திராபியா என்னும் ஊரிலே 'இத்ரியா' என்னும் மாநூல் பெருமளவிலே செய்யப்பட்டுக் கப்பலேற்றப்படுவதைக் குறித்துள்ளார். இதனை எமக்குச் சொன்னவரும் அந்தப் பரிசாரகரே. வீடு திரும்பிப் புத்தகத்திலே பார்த்தோம், சரியாகவே இருந்தது. எமது ஊரிலே பந்தி பரிமாறுபவர் இடியப்பத்தின் வரலாற்றைச் சொல்லக் கேட்டதுண்டா?

பாஸ்தாவை வெட்டுதல் ஆகாது. முள்ளுக்கரண்டியிலே சுற்றி உண்ணவேண்டும். நாம் சுற்றினோம், அது அவிழ்ந்தது. மீண்டும் சுற்றினோம். மூன்றாம் முறை வாய்க்குச் சென்றது. பெருஞ்சீரகத்தின் மணம், வற்றலின் இனிப்பு, பாண் துருவலின் மொறுமொறுப்பு எல்லாம் ஒருங்கே வந்தன. ஒவ்வொரு வாயும் தொண்டையிலே சிறிது நின்றே இறங்கிற்று. அதற்கு உணவு காரணமன்று.

கோப்பையின் அடியிலே மஞ்சள் நிறச் சாறு எஞ்சியிருந்தது. அதனை விட்டுவிட மனம் வரவில்லை. விரலால் வழிக்கவும் இடம் அதுவன்று. பாண் துண்டொன்றை எடுத்துக் கோப்பையைத் துடைத்து உண்டோம். யாரேனும் பார்த்தனரோ என்று நிமிர்ந்தால் பரிசாரகர் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கினோம். அவரோ மகிழ்ந்து, இதற்கு 'ஸ்கார்பெத்தா' என்று பெயர் என்றார். சின்னச் சப்பாத்து என்பது பொருளாம். பெரிய இடங்களிலே இதனைச் செய்தல் நாகரிகமன்று என்பர். ஆயினும் சமைத்தவனுக்கு இதைவிட வேறு பாராட்டு இல்லை என்றார்.

இறுதியிலே சிவந்த களி ஒன்று சிறு கிண்ணத்திலே வந்தது. வத்தகப்பழச் சாற்றை மாச் சேர்த்துக் காய்ச்சி இறுகவைத்து, மல்லிகைப் பூவின் மணமும் கறுவாவின் மணமும் ஏற்றியது. பலேர்மோவிலே கோடைகாலத்துப் பண்டம். ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வந்து, மல்லிகையும் கறுவாவும் மணக்கும் களியை உண்போம் என்று நாம் நினைத்திருக்கவில்லை.

பதினொரு மணிக்குமேல் அவனே வெளியே வந்தான். வெள்ளை அங்கி, தோளிலே துவாய், முழங்கை வரையும் பழைய தீத்தழும்புகள். "வாங்கோ சேர், குசினியைப் பாருங்கோ" என்று உள்ளே அழைத்துச் சென்றான். எண்ணெய் மணமும் நீராவியும் நிறைந்த நீண்ட அறை. தன்னுடைய அடுப்பைக் காட்டினான். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு, 100 கிராம் பாஸ்தா என்ற கணக்கைச் சொன்னான். முக்கால் பதத்திலே எடுத்து, மிச்ச வேக்காட்டைச் சாற்றுச் சட்டிக்குள்ளே, அவித்த தண்ணீர் ஓர் அகப்பை விட்டு முடிக்கவேண்டும் என்றான். மனைவியார் கூர்ந்து கேட்டார். அறையின் கடைசியிலே, இரும்புத் தொட்டிக்கு முன்னே, வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் சட்டிகளை உரசிக்கொண்டு நின்றான். பக்கத்திலே பாத்திரம் கழுவும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"இதுதான் சேர், நான் முதல் மூண்டு வருஷம் நிண்ட இடம்" என்றான்.

அவன் முகத்திலே ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும். தம்பி, அந்த நாளிலே வகுப்பிலே நாம் உன்னை ஒரு சொல் சொன்னோம், நினைவிருக்கின்றதா என்று கேட்டோம்.

"ஞாபகம் இருக்குச் சேர்" என்றான். "இந்தத் தொட்டிக்கு முன்னாலை முதல் நாள் நிண்டபோது அந்தச் சொல்லுத்தான் காதிலை கேட்டது. ஒரு கிழமை உங்களிலை சரியான கோபம். பிறகு வேலை கூட, கோவிக்க நேரமில்லை." சற்று நிறுத்தி, தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மாவுக்கு மட்டும் சொல்லேல்லை. கடை ஒண்டிலை கணக்கு எழுதிறன் எண்டு சொல்லி வைச்சிருந்தன். அவ சாகுமட்டும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தவ."

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவரைக் கேள்வி கேட்டுப் பழகிய எமக்கு அதற்கு விடை தெரியவில்லை. எம்மிடம் படித்தவர் எவரிடமும் அதுவரையும் சொல்லாத ஒரு சொல்லை, மன்னித்துக்கொள் என்ற சொல்லை, அன்று சொன்னோம். இயந்திரத்தின் இரைச்சலிலே அது அவன் காதிலே விழுந்ததோ இல்லையோ தெரியாது. மீண்டும் சொல்லலாம் என்று வாய் திறக்குமுன்னே அவன் பேசத் தொடங்கிவிட்டான்.

"உங்களை மட்டும் சொல்லேலாது சேர். ஊரே அப்பிடித்தானே கதைச்சது. ஆனா ஒண்டு. கோப்பை கழுவிறது ஒண்டும் தெரியாதவன் செய்யிற வேலை எண்டு நினைச்சுத்தானே சொன்னனீங்கள்? அது பிழை, சேர். நான் சமையல் படிச்சதே திரும்பி வாற கோப்பையளைப் பாத்துத்தான். உப்புக் கூடினால் அரைவாசி திரும்பி வரும். வேக்காடு பிழைச்சால் ஓரத்திலை ஒதுக்கி வைச்சிருப்பினம். நல்ல நாளெண்டால் கோப்பை வெறுமையா வரும். மேசையிலை ஆக்கள் என்ன சொன்னாலும், கோப்பை பொய் சொல்லாது. சட்டியிலை மிஞ்சினதைப் பாணாலை துடைச்சு ருசி பாத்துப் பாத்துத்தான் கைப்பக்குவம் வந்தது. ஒரு நாள் பெரிய சமையல்காரர் வரேல்லை, நான் செய்தன். அதுக்குப் பிறகு என்னைத் தொட்டிக்கு விடேல்லை."

பிழை என்று அவன் சொன்னபோது, கொப்பியிலே நாம் சிவப்பு மையாலே எழுதும் அதே தொனியிலே சொன்னான். யாரிடம் கற்றுக்கொண்டானோ! பின்னர் மனைவியாரைப் பார்த்துச் சிரித்து, "அம்மாவுக்கு ஒலிவங்காய் பிடிக்கேல்லைப் போலை. எட்டுக் காயையும் வரிசையா ஓரத்திலை அடுக்கி வைச்சிருந்தவ" என்றான். மனைவியார் வெட்கிப்போனார். எமது கோப்பையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. துடைத்து அனுப்பிய கோப்பை அவன் கைக்கு வந்திருக்கும் என்பது எமக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வத்தகப்பழக் களியை எப்படிச் செய்வது என்று மனைவியார் கேட்டார். பரிசாரகரின் குறிப்புக் கொப்பியிலே ஒரு தாளைக் கிழித்து, சுவரிலே வைத்து, நின்றபடியே தமிழிலே எழுதிக் கொடுத்தான். பேருந்துத் தரிப்பிடம் வரையும் கூடவந்து, வண்டி புறப்படும்வரையும் நின்றான். யார் பணம் கொடுத்தது, எவ்வளவு என்பதைக் கடைசிவரையும் எமக்கு அறியத் தரவில்லை.

அத்தாள் இப்போது எமது வீட்டுக் குசினியிலே, அலுமாரிக் கதவின் உட்புறத்திலே ஒட்டப்பட்டிருக்கின்றது. சகோதரிகள் பலர் கேட்பர் ஆதலால் அதிலுள்ளதை இங்கே தருகின்றோம். விதை நீக்கிப் பிழிந்து வடித்த வத்தகப்பழச் சாறு ஒரு லீற்றர். சோளமா 90 கிராம். சீனி 100 கிராம்; பழம் இனிப்பாயிருந்தால் குறைக்கலாம். மாவைச் சிறிதளவு குளிர்ந்த சாற்றிலே கட்டியில்லாமற் கரைத்து, மீதிச் சாற்றோடும் சீனியோடும் சேர்த்து, ஒரு விரல் நீளக் கறுவாப்பட்டை போட்டு, கைவிடாமற் கிளறிக் கொதிக்கவைத்து, தடித்ததும் பட்டையை எடுத்துவிட்டு இறக்கவேண்டும். முதல்நாள் இரவு மல்லிகைப் பூ ஊறவைத்த தண்ணீர் இரண்டு கரண்டி விட்டு, கிண்ணங்களிலே ஊற்றி ஆறவிட்டுக் குளிரவைக்க வேண்டும். மனைவியார் இருமுறை செய்துவிட்டார். இரண்டாம் முறை நன்றாக வந்தது.

தாளிலே 'கருவாப்பட்டை' என்று எழுதியிருக்கின்றான். சிவப்புப் பேனா எமது சட்டைப் பையிலேதான் எப்போதும் இருக்கின்றது. அது அவ்வாறே இருக்கின்றது. தாளும் அவ்வாறே இருக்கின்றது.